குளிர்மலைப் பயணத்திற்கேற்ற அடுப்பு

இமயமலையில் பனியாறுகளை ஆராயச் செல்வோருக்கு அடுப்பு சமையற் கருவி மட்டுமன்று. பனியை உருக்கினாலன்றிக் குடிநீரே கிடைக்காத இடங்கள் அங்கு உண்டு.

சிறு வாயுக்குப்பியின்மேல் பொருத்தும் அடுப்பு சுமக்க இலகுவானது. தீக்குச்சி கிழித்தவுடன் எரியும். ஆயினும் தனிப் பியூட்டேன் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 0 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கிறது. மலைமீது காற்றழுத்தம் குறைவதால் இவ்வெல்லை சற்றுத் தாழும். இரவுக் குளிரோ அதனினும் தாழக்கூடும். அப்போது எரிபொருள் திரவமாகவே தங்கிச் சுடர் அணைந்துவிடும். மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும் புரோப்பேன் கலந்த குப்பியே குளிருக்கு ஏற்றது.

கடுங்குளிரில் நெடுநாள் தங்குவோர்க்கு மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்பே நம்பத்தக்கது. கனம் மிகுதிதான். எனினும் 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் அமைத்த பிரைமஸ் அடுப்பை 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரும் கொண்டு சென்றிருந்தனர்.

இதனைப் பற்றவைக்கப் பொறுமை வேண்டும். காற்றுத் திருகைத் திறந்து வைத்து, கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்துக. அது எரிந்து தீரும் தறுவாயில் திருகை மூடி இரண்டு மூன்று முறை பம்பு அடிக்கலாம். முந்தி அடித்தால், ஆவியாகாத எண்ணெய் பீறிட்டு மஞ்சட் சுடராய் ஓங்கும். திருகைத் தளர்த்தினால் அடங்கும்.

எவ்வகை அடுப்பாயினும் மூடிய கூடாரத்தினுள் எரித்தல் பேரபாயம். கார்பன் மோனாக்ஸைடு வாயுவிற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. அது விளைக்கும் தலைவலியையும் குமட்டலையும் மலைநோயென்று கருதி ஏமாறுவது எளிது. ஐயம் தோன்றியவுடன் அடுப்பை அணைத்து, உள்ளிருப்போரைத் திறந்த வெளிக்குக் கொணர வேண்டும்.