"பென்ஷன்காரர் வரிசை" வென்றது!

ஆட்களை மாற்றவில்லை, தரையை மாற்றினார்கள்

அது பெரிய கார் தொழிற்சாலை. அங்கே ஒரு வேலை வரிசையில் 42 தொழிலாளர்களை நிறுத்தினார்கள். அவர்களுடைய சராசரி வயது 47.

மற்ற வரிசைகளில் வேலை பார்த்தவர்கள் இதைக் கேலி செய்தார்கள். அதற்குப் "பென்ஷன்காரர் வரிசை" என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஓர் ஆண்டு போயிற்று. அந்த வரிசையின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. இளைஞர்கள் நிறைந்த வரிசைகளுக்கு அது சமமாக நின்றது. கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இது கதை அல்ல. 2007-ம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் நடந்த உண்மை.

உழவுக் கருவியில் இருந்து கார் வரை

ஜெர்மனியின் தெற்கே பவேரியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் மூனிச். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், ஈசார் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர் டிங்கோல்பிங்.

ஒரு காலத்தில் அங்கே கிளாஸ் என்ற கம்பெனி, விதை விதைக்கும் கருவிகளைச் செய்துவந்தது. பிறகு சின்னக் கார்கள் செய்தது. 1966-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியை பி.எம்.டபிள்யூ. விலைக்கு வாங்கியது.

பி.எம்.டபிள்யூ. என்றால் "பவேரிய மோட்டார் தொழிற்சாலை" என்று பொருள். 1973-ம் ஆண்டு முதல் அதன் கார்கள் டிங்கோல்பிங்கில் தயாராகின்றன. சுற்றுப்புறக் கிராமங்களில் இருந்து பஸ், பஸ்சாகத் தொழிலாளர்கள் வருகிறார்கள்.

அங்கே கியர் பெட்டி முதலிய பகுதிகளைச் செய்யும் பிரிவில் மட்டும் 2,500 பேர் வேலை பார்த்தார்கள். அதன் தலைவராக இருந்தவர் நிக்கோலஸ் பவுவர்.

2007-ம் ஆண்டில் அவருக்கு ஒரு கவலை வந்தது.

பயமுறுத்திய கணக்கு

அவருடைய தொழிலாளர்களின் சராசரி வயது அப்போது 39. இது பத்து ஆண்டுகளில், அதாவது 2017-ல், 47 ஆகிவிடும் என்று கணக்குச் சொன்னது.

ஏன் இப்படி?

1964-ம் ஆண்டில் ஜெர்மனியில் (அப்போது அது இரண்டு நாடுகளாக இருந்தது) 13½ லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. அடுத்த சில ஆண்டுகளில் குழந்தைப் பிறப்பு மளமளவென்று குறைந்தது. 1975-ல் பிறந்தவை 8 லட்சத்துக்கும் குறைவு.

1964-ல் பிறந்த குழந்தைகளுக்கு 2017-ல் வயது 53. அவர்கள் இடத்துக்கு வரவேண்டிய இளைஞர்களோ கொஞ்சம் பேர்தான்!

இதோடு அரசாங்கமும் ஒரு சட்டம் செய்தது. பென்ஷன் வாங்கும் வயதை 65-ல் இருந்து 67 ஆக, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது என்று 2007-ல் முடிவாயிற்று. ஆகவே, முன்னைவிட அதிக வயது வரை மனிதர்கள் வேலை பார்த்தாக வேண்டும்.

வரிசையில் வேலை பார்ப்பது எப்படி என்று தெரிந்தால்தான் பவுவரின் கவலை புரியும். ஒரு தொழிலாளி தன் பங்கை முடித்ததும் பொருள் அடுத்தவரிடம் போகும். ஒருவர் தாமதித்தால் அவருக்கு அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவர் முழங்கால் வலித்தால் வரிசை முழுவதும் நொண்டும்!

வயதானவர்களை முன்கூட்டியே பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் தொழிலாளரைக் கைவிடாத கம்பெனி என்ற பெயர் கெட்டுவிடும். அனுபவமும் அவர்களோடு வாசல் தாண்டிப் போய்விடும். எளிய வேலைக்கு மாற்றலாம். ஆனால் அத்தனை பேருக்கும் எளிய வேலைக்கு எங்கே போவது?

நாளையை இன்றே வரவழைத்தார்

பவுவர் ஒரு காரியம் செய்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் நிலையை இன்றைக்கே உண்டாக்கிப் பார்ப்பது என்று தீர்மானித்தார்.

பின் அச்சுக்கான கியர் பெட்டி செய்யும் வரிசையைத் தேர்ந்தெடுத்தார். அதிகமாகக் கைவேலை செய்ய வேண்டிய வரிசை அது. 2017-ல் தொழிற்சாலை எப்படி இருக்குமோ அதே விகிதத்தில் இளைஞர், நடுவயதினர், மூத்தவர் எல்லோரையும் கலந்து நிறுத்தினார். இதற்கு "2017 வரிசை" என்று பெயர்.

முதலில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. வேலை மந்தமாகிவிடும் என்று இளைஞர்கள் பயந்தார்கள். பழகிய இடத்தை விட்டு வர மூத்தவர்கள் தயங்கினார்கள்.

கேலிப் பெயர் பிறந்ததும் இப்போதுதான்.

எங்கே வலிக்கிறது?

அதிகாரிகள் மேஜையில் உட்கார்ந்து உத்தரவு எழுதவில்லை. தொழிலாளர்களிடமே போனார்கள்.

உடம்பில் எங்கே வலிக்கிறது, எந்த வேலை சிரமமாக இருக்கிறது, எதை மாற்றினால் நல்லது என்று கேட்டார்கள். தொழிலாளர்கள் யோசனை சொன்னார்கள். எதை முதலில் செய்வது என்பதையும் அவர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள்.

இப்படிச் சிறிதும் பெரிதுமாக 70 மாற்றங்கள் செய்யப்பட்டன.

கல்லைப் போன்ற தரையில் மணிக்கணக்கில் நின்றால் முழங்கால் தேயும். ஆகவே மரத் தரை போட்டார்கள். காலுக்கு ஏற்ற தனிப் பூட்சுகள் கொடுத்தார்கள்.

சில இடங்களில் முடிவெட்டும் கடையில் இருப்பதைப் போன்ற நாற்காலிகளைப் போட்டார்கள். உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். இடையில் சற்று இளைப்பாறலாம்.

நாற்பது வயதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் சிறு பொருள் மங்கலாகத் தெரியும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு உறுப்புகளில் எது எது என்று மயக்கம் உண்டாகும். அதற்காகப் பூதக்கண்ணாடிகளை வைத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள்.

ஆளின் உயரத்துக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கும் மேஜைகள் வந்தன. கருவிகளுக்குப் பெரிய கைப்பிடிகள் வந்தன. பளுவைத் தூக்கக் கையால் இயக்கும் சிறு கிரேன்கள் வந்தன.

இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். ஒருவரே நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது. குனிந்து செய்யும் வேலையில் சிறிது நேரம். பிறகு நிமிர்ந்து செய்யும் வேலை. இப்படி ஆளை மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். தினமும் செய்யத் தேகப்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு கார் விலைகூட இல்லை!

இதற்கெல்லாம் எவ்வளவு செலவு தெரியுமா?

சாமான்களுக்குச் சுமார் 20 ஆயிரம் யூரோ. கூடிப் பேசிய நேரத்துக்கும் மற்றவற்றுக்கும் இன்னொரு 20 ஆயிரம். மொத்தம் 40 ஆயிரம் யூரோதான்! அந்தக் கம்பெனி விற்கும் பெரிய கார் ஒன்றின் விலை இதைவிட அதிகம்.

பலன்? உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. பழுதான பெட்டிகள் அநேகமாக இல்லாமல் போயின.

உடம்பு சரியில்லை என்று வேலைக்கு வராதவர்கள் 2008-ல் 7 சதவீதம். 2009-ல் அது 2 சதவீதமாகக் குறைந்தது. தொழிற்சாலை முழுவதற்கும் உள்ள சராசரியைவிட இது குறைவு.

42 பேர் வேலை பார்த்த ஒரே ஒரு வரிசையை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதுதான். ஆனால், ஜெர்மனியிலும் பக்கத்து நாடான ஆஸ்திரியாவிலும் இருந்த மற்ற தொழிற்சாலைகளிலும் இதே முயற்சியைக் கம்பெனி தொடங்கியது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மரத் தரை மூத்தவர்களுக்கு மட்டும் போடப்பட்டது அல்ல. அதே தரையில்தான் 25 வயது இளைஞனும் நின்றான். அவனுடைய முழங்காலும் பிழைத்தது. அவனுக்கும் ஒருநாள் 55 வயது ஆகும் அல்லவா?

தகப்பன்சாமிகள்

உடம்புக்குத் தரையை மாற்றலாம். பெரியவர்களுக்குப் புதிய எந்திரமே புரியவில்லை என்றால் என்ன செய்வது?

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜாக் வெல்ச். "ஜெனரல் எலெக்ட்ரிக்" கம்பெனியின் தலைவராக இருந்தவர். விமான என்ஜின், ஆஸ்பத்திரி எந்திரம், மின்விளக்கு என்று பலவற்றைச் செய்த பழம்பெரும் கம்பெனி அது. 1892-ல் ஏற்பட்டது.

வெல்ச் இளகிய மனம் படைத்தவர் என்று யாரும் சொன்னதில்லை. அவருடைய காலத்தில் அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான வேலைகள் குறைக்கப்பட்டன.

1999-ம் ஆண்டில் இன்டர்நெட் வேகமாகப் பரவிக்கொண்டு இருந்தது. வியாபாரம் எல்லாம் அதன் வழியே போகப்போகிறது என்று வெல்ச் கண்டார். ஆனால் அவருடைய பெரிய அதிகாரிகளுக்கு அது தெரியவில்லை. தெரிந்தவர்கள் சிறிய வேலைகளில் இருந்த இளைஞர்கள்!

உடனே ஓர் உத்தரவு பிறந்தது. உயர்ந்த பதவியில் இருந்த 500 பேரும் ஆளுக்கு ஓர் இளைஞரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரிடம் இன்டர்நெட் கற்க வேண்டும்.

உத்தரவு போட்டவர் தப்பித்துக்கொள்ளவில்லை. அறுபது வயதைத் தாண்டிய வெல்சும் மாணவராக உட்கார்ந்தார்.

தகப்பனுக்கு உபதேசம் செய்த பிள்ளையைத் தகப்பன்சாமி என்று சொல்வோம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஒரே உத்தரவில் 500 தகப்பன்சாமிகள் தோன்றிவிட்டார்கள்!

இளைஞர்களுக்கும் இதில் லாபம் இருந்தது. பெரிய அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு கம்பெனி எப்படி நடக்கிறது, ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். கற்றுக்கொடுக்கப் போனவர்கள் கற்றுக்கொண்டும் திரும்பினார்கள்.

வெல்ச் 2020-ல் இறந்துவிட்டார். அந்தக் கம்பெனியும் 2024-ல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனால் சிறியவரிடம் பெரியவர் பாடம் கேட்கும் முறை இன்றும் பல கம்பெனிகளில் நடக்கிறது.

இரண்டுக்கும் ஒரே சாவி

கார் தொழிற்சாலையில் அதிகாரி தொழிலாளியிடம் போய்க் கேட்டார். மின்சாரக் கம்பெனியில் முதலாளி இளைஞரிடம் போய்க் கேட்டார். கேட்டவர்கள் யாரும் குறைந்துபோகவில்லை.

புதிய எந்திரம் வரும்போதெல்லாம் வேலை செய்யும் இடத்தில் இரண்டு குரல்கள் எழும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்பது ஒன்று. "பெரியவர்களுக்கு ஒன்றும் ஏறாது" என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் மேனேஜருக்கு வேலை நடக்காது.

இளைஞனுக்கு எந்திரத்தின் பித்தான்கள் சீக்கிரம் மனப்பாடம் ஆகும். எந்திரம் போடும் சத்தத்தில் எது சரியில்லை என்பது பழகிய காதுக்குத் தெரியும். விரலும் வேண்டும், காதும் வேண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் தலைவனின் வேலை.

"2017 வரிசை" என்று பெயர் வைத்த அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. 2007-ல் அந்த வரிசையில் 47 வயதில் நின்ற ஒருவருக்கு 2017-ல் வயது 57.

அன்று பக்கத்து வரிசையில் நின்று சிரித்த 37 வயதுக்காரருக்கு?

அவருக்கும் சரியாக 47!