முதுமையில் மிதிவண்டி: எடையும் வலுவும்

"இந்த வயதில் சைக்கிள் எதற்கு? விழுந்துவிட்டால் என்ன செய்வது?" முதியோரை அழைத்துவரும் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்களது அக்கறை நியாயமானதே. ஆயினும், மிதிவண்டியைப் பூட்டி வைப்பதால் விழும் அபாயம் நீங்கிவிடுவதில்லை. உழைக்காத கால்கள் வலுவிழக்கின்றன. வலுவிழந்த கால்கள் வீட்டுக்குள்ளேயே தடுமாறுகின்றன.

வயது ஏற ஏறத் தசை குறைந்து கொழுப்பு கூடுகிறது. எனவே எடை மாறாதிருந்தாலும் உடலின் வலு குறைந்திருக்கக்கூடும். உணவை மட்டும் கடுமையாகக் குறைத்து எடையிழப்போர், கொழுப்புடன் தசையையும் சேர்த்தே இழக்கின்றனர். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவும் படியேறவும் உதவுவது தொடைத் தசையே. எடையைக் குறைக்கும்போதும் அதைக் காத்தாக வேண்டும்.

இதற்கு மிதிவண்டி நல்ல துணை. உடலின் பாரத்தைப் பெருமளவு இருக்கை தாங்குவதால் முழங்கால்களின் சுமை குறைகிறது. மூட்டுத் தேய்வு உள்ளவர்களுள் பலருக்கு நடப்பதைவிட மிதிப்பது எளிதாக இருக்கிறது.

முதிய உடலும் பயிற்சிக்கு இணங்கும் என்பதற்குப் பிரான்சு நாட்டின் ரொபேர் மார்ஷான் சான்று. 1911இல் பிறந்த அவர், 2012இல் தம் 100ஆம் வயதில் ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டினார். பயிற்சியைத் தொடர்ந்து, 102ஆம் வயதில் அதே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் கடந்தார். நம்மில் எவருக்கும் அத்தகைய வேகம் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தோருக்குப் பரிந்துரைப்பது வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். முதல் வாரம் பத்து நிமிடமே போதும்.

தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் உள்ளோரும், இன்சுலின் அல்லது இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்போரும் கேட்காமல் தொடங்கலாகாது. மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமையுங்கள். காலைத் தூக்கிப் போட இயலாத ஆண்கள், குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளை ஓட்டத் தயங்க வேண்டாம். தலைக்கவசம் அவசியம். நிலை தடுமாறுவோருக்கு வீட்டில் நிலையாக நிற்கும் பயிற்சி சைக்கிளே ஏற்றது.

இரு எச்சரிக்கைகள். மிதிவண்டி எலும்புக்கு வேண்டிய அழுத்தத்தைத் தருவதில்லை. ஆகையால் இயன்றவரை நடையும் தொடரட்டும். மேலும், அரை மணி நேர உழைப்பின் பயனை இரண்டு வடைகள் அழித்துவிடும். பயறு, தயிர், முட்டை ஆகியவை தசைக்கு உதவும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவை மீறலாகாது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: சாவியை ஒளித்து வைக்காதீர்கள். பிரேக்கைச் சரிபார்த்து, டயரில் காற்றடித்துக் கொடுங்கள். முதல் சில நாள்கள் உடன் செல்லுங்கள்.