டிராக்டரைத் தூக்க ஜாக்கி, தாங்க ஸ்டாண்டு

டிராக்டரும் டிரெய்லரும் இன்று நம் கிராமங்களில் பழகிப்போன பண்ணைச் சாமான்களாகிவிட்டன. டயர் மாற்றுதல், சக்கர பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தல், பிரேக்கைச் சரிபார்த்தல் போன்ற சிறு வேலைகளை விவசாயிகள் பலர் தாங்களே செய்துகொள்கின்றனர். இதனால் கூலி மிச்சமாகிறது. உழவுப் பருவத்தில் நாளும் மிச்சமாகிறது. ஆனால் இவ்வேலைகளுக்கு வண்டியைத் தரையிலிருந்து தூக்க வேண்டியுள்ளது. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வயல் விழா ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே களத்துமேட்டில் ஒரு விவசாயி டிரெய்லரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். துணைக்கு வைத்திருந்தவை சில செங்கற்கள் மட்டுமே. கிரீஸ் டப்பாவை எடுக்க அவர் வெளியே வந்த சற்று நேரத்தில், ஜாக்கி ஈர மண்ணில் புதைந்து சாய்ந்தது. செங்கற்கள் நொறுங்க, டிரெய்லர் தரையில் விழுந்தது. டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் அவர் உயிர் தப்பியிருக்க மாட்டார்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரிய கருவி. தூக்கிய பாரத்தைத் தாங்குவது ஸ்டாண்டின் வேலை. இதை மனத்திற்கொண்டு இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம்.

ஜாக்கியை ஏன் நம்பக்கூடாது?

ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு சிறிய பிஸ்டனும் ஒரு பெரிய பிஸ்டனும் உள்ளன. சிறிய பிஸ்டனால் எண்ணெயை அழுத்தும்போது, அதே அழுத்தம் பெரிய பிஸ்டனின் பரப்பு முழுவதிலும் செயல்படுகிறது. பெரிய பிஸ்டனின் பரப்பு 10 மடங்கு என்றால், அது 10 மடங்கு எடையைத் தூக்கும். ஆனால் தூக்கிய பாரம் முழுவதையும் எண்ணெயே தாங்கி நிற்கிறது. ரப்பர் வளையம் தேய்ந்தாலும், வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் எண்ணெய் கசிந்து பாரம் இறங்கிவிடும். அந்த நேரத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

எந்த ஜாக்கி ஏற்றது?

டிராலி ஜாக்கி: சிறு சக்கரங்களின் மேல் நகரும் இவ்வகை, காருக்கும் சிமெண்டுத் தளத்துக்கும் ஏற்றது. இதன் கை மேலே எழும்போது வளைவான பாதையில் செல்வதால், ஜாக்கியும் சற்று உருண்டு நகர வேண்டும். மண் தரையில் இச்சக்கரங்கள் புதைந்து உருளாமல் நின்றுவிடும். அப்போது பாரம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு நழுவக்கூடும். எனவே மண் களத்துக்கு இது உகந்ததன்று.

பாட்டில் ஜாக்கி: நேராக நிற்கும் இவ்வகை டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் ஏற்றது. அகலமான அடிப்பலகையின் மேல் வைத்தால் மண் தரையிலும் பயன்படும்.

காருடன் வரும் திருகு ஜாக்கி: இது வழியில் காரின் சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. டிராக்டருக்குப் பயன்படுத்தக்கூடாது.

எத்தனை டன்?

35 முதல் 45 குதிரைத்திறனுள்ள டிராக்டர்கள் பெரும்பாலும் 1,700 முதல் 2,200 கிலோ எடையுள்ளவை. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் ஆக்ஸிலில் அமைகிறது. பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியிருந்தாலும், இரும்பு எடைகள் பூட்டியிருந்தாலும் பாரம் மேலும் கூடும். தூக்க வேண்டிய பாரத்தைப்போல் இரு மடங்கு திறனுள்ள ஜாக்கியை வாங்குவது நல்லது. இவ்வகை டிராக்டருக்கு 5 டன் பாட்டில் ஜாக்கி போதுமானது. டிரெய்லரை எப்போதும் பாரம் இறக்கிய பின்னரே தூக்க வேண்டும்.

எவ்வளவு உயரம்?

டன்னை மட்டும் கேட்டு வாங்கி ஏமாறுவோர் பலர். பின் ஆக்ஸில் கூட்டின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் இருக்கும். சிறிய டிராலி ஜாக்கிகள் பல, முழுதும் உயர்த்தினாலும் அந்த உயரத்தை எட்டுவதில்லை. எனவே கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டியில் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று இல்லாதபோது ஜாக்கி நுழையக்கூடிய உயரம் ஒன்று. சக்கரம் தரையை விட்டு எழும்பத் தேவையான உயரம் மற்றொன்று. ஜாக்கி இவ்விரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்டாண்டில் இரு வகை உண்டு. ஒன்றில் பல் வெட்டிய தண்டைக் கொக்கி பிடித்துக்கொள்ளும். மற்றொன்றில் துளையிட்ட தண்டின் ஊடே தடித்த இரும்பு முளையைச் செருக வேண்டும். முளை முழுதும் நுழைந்திருப்பதைக் கண்ணால் காணலாம் என்பதால் விவசாயிகளுக்கு இரண்டாம் வகையே நல்லது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு, கொக்கி சரியாகப் பிடிக்காமல் நழுவக்கூடும் என்பதற்காக ஒரு நிறுவனத்தின் ஸ்டாண்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. எந்தத் தயாரிப்பாயினும் பற்றவைப்பில் விரிசல் உள்ளதா, நான்கு கால்களும் தரையில் சமமாக அமர்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

குறித்துள்ள டன் அளவு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் கேட்டறிய வேண்டும். காருக்கான 3 டன் ஸ்டாண்டுகள் பொதுவாக டிராக்டருக்கு உயரம் போதாதவை. 6 டன் ஸ்டாண்டுகள் ஏறக்குறைய இரண்டடி வரை உயரும்.

ஸ்டாண்டு கிடைக்காதபோது, நன்கு காய்ந்த வேலம் அல்லது புளியங்கட்டைகளைச் சதுரமாக அறுத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். அடுக்கின் உயரம் அதன் அடியகலத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் போகக்கூடாது. செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் ஆகியவற்றை ஒருபோதும் வைக்கக்கூடாது. மரம் நசுங்கும் முன் முனகும். செங்கல் எச்சரிக்கையின்றி உடையும்.

அடிப்பலகை அவசியம்

1,000 கிலோ பாரத்தைத் தாங்கும் ஜாக்கியின் அடிப்பாகம் 10 செ.மீ. நீள அகலமுள்ளதாயின், ஒரு சதுர செ.மீ. மண்ணில் 10 கிலோ அழுத்தம் விழுகிறது. ஈர மண் இதைத் தாங்காது. அதே ஜாக்கியை 40 செ.மீ. சதுரமுள்ள, இரண்டு அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள பலகையின் மேல் வைத்தால், அழுத்தம் ஏறக்குறைய 600 கிராமாகக் குறைகிறது. ஸ்டாண்டின் கால்களுக்கும் இவ்வாறே பலகை இட வேண்டும்.

தூக்கும் முறை

1. சமமான, இறுகிய தரையில் வண்டியை நிறுத்தவும். இணைத்துள்ள கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடவும்.

2. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் கியரின் பிடி பயன்படாது. டிராக்டரின் முன் சக்கரங்களுக்குப் பிரேக்கும் பெரும்பாலும் இல்லை. எனவே கட்டைகளே காவல்.

3. டிராக்டரின் முன் ஆக்ஸில் நடுவில் ஆடும்படி அமைந்தது. பின்புறத்தைத் தூக்கும்போது வண்டி ஒரு பக்கம் சாயாதிருக்க, முன் ஆக்ஸிலுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்பு அடிக்கவும்.

4. சக்கர நட்டுகளைத் தூக்கும் முன்பே சற்றுத் தளர்த்தவும்.

5. பின் ஆக்ஸில் கூட்டின் கீழ் ஜாக்கியை வைக்கவும். எண்ணெய்த் தொட்டியின் கீழோ, கருவி இணைக்கும் கைகளின் கீழோ வைக்கக்கூடாது.

6. போதிய உயரம் வந்ததும் ஸ்டாண்டை வைத்து, பாரத்தை மெல்ல அதன்மேல் இறக்கவும். வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே சக்கரத்தைக் கழற்றவும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் கிடத்தி வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

7. இரு சக்கர டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றாமலே தூக்கவும். கழற்றினால் முன்னோ பின்னோ கவிழக்கூடும்.

பராமரிப்பு

ஜாக்கியில் ஜாக்கிக்குரிய ஹைட்ராலிக் எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் பிஸ்டனை முழுதும் இறக்கி, தூசி துடைத்து, நிமிர்த்தி வைக்கவும். பருவத்துக்கு ஒரு முறை பாரத்தைத் தூக்கி, உயரத்தைக் குறித்துக்கொண்டு கால் மணி நேரம் கவனிக்கவும். தானே இறங்கினால் பழுது பார்க்கும்வரை அந்த ஜாக்கியைப் பயன்படுத்தக்கூடாது.

ஒருவரே எல்லாவற்றையும் வாங்குவது சிரமமாயின், நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு பாட்டில் ஜாக்கியும், ஒரு ஜோடி ஸ்டாண்டும், நான்கு பலகைகளும் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஜாக்கி மட்டும் வாங்கப் பணம் இருந்தால், ஸ்டாண்டுக்கும் பணம் சேரும்வரை வண்டியின் அடியில் செல்லும் வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.