தாயின் நாவும் குட்டியின் மூத்திரப்பையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், விடியற்காலையில் வீதி நெடுகப் பாவு விரித்துப் பட்டிழைகளைச் சீர்செய்யும் நெசவாளக் குடும்பங்களுக்கு, பழைய தறிமரங்களின் மறைவில் மார்கழிக் குளிரில் குட்டி ஈன்று கிடக்கும் தெருநாய் புதிய காட்சியன்று. ஆயினும், அத்தாய் தன் குட்டிகளின் அடிவயிற்றையும் வாலடியையும் ஓயாமல் நக்குவதை வெறும் வாத்ஸல்யம் என்றோ, சுத்தம் பேணும் சுபாவம் என்றோ கருதுவோரே அதிகம். உண்மையில் அந்த நாவின் ஸ்பரிசம் இல்லையேல் குட்டி மூத்திரம் கழிக்க இயலாது, ஜீவித்திருக்கவும் இயலாது.

நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். கருவில் மலத்திற்கும் மூத்திரத்திற்கும் பொதுவாக முதலில் தோன்றும் ஒரே அறை, நடுவே வளரும் தடுப்பினால் பிரிந்து, பின்பாகம் மலக்குடலாகவும், முன்பாகம் மூத்திரப்பையும் தாரையுமாகவும் உருக்கொள்கின்றன. சிறுநீரகங்களிலிருந்து வரும் இரு குழாய்களும் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து உட்புகுவதால், பை நிறையும்போது அச்சாய்வே நீரைப் பின்னோக்கி ஏறவிடாத கதவாகிறது. சில குட்டிகளில், பெரும்பாலும் பெட்டைகளில், குழாய் பையைத் தாண்டிச் சென்று தாரையிலேயே திறந்துவிடும். எவ்வளவு பழக்கினாலும் அவற்றுக்கு நீர் சொட்டிக்கொண்டேயிருக்கும். அத்தகைய பிராணியை அசுத்தமானதென்று அடித்துத் துரத்துவது பெரும் அநியாயம். பலவற்றைச் சத்திரசிகிச்சையால் குணப்படுத்த முடியும். 1903-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் வேப்பேரியும் காஞ்சிக்கு எட்டாத தூரமன்று.

பிறந்த குட்டிக்கு உறுப்புகள் யாவும் அமைந்திருந்தும், பை நிறைந்த செய்தி மூளைக்குச் சென்று ஆணையாகத் திரும்பும் நரம்பு மார்க்கம் பக்குவப்பட்டிருப்பதில்லை. ஆகவே, தாயின் நாவு தோலில் படும் உணர்ச்சி முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியை எட்ட, அங்கிருந்தே பையின் தசை சுருங்கவும் வாயில் தளரவும் தூண்டுதல் பிறக்கிறது. மூன்று வாரமளவில் குட்டி தானாக நீர்விடத் தொடங்கும். பிறகு மெல்ல மெல்ல மூளை அதிகாரம் ஏற்கிறது. வளர்ந்த நாயிடத்தில் ஒரு நரம்புத் தொகுதி பையைத் தளர்த்தி நீரைச் சேமிக்கவும், மற்றொன்று அதைச் சுருக்கி வெளியேற்றவும், மூன்றாவது இச்சைக்குட்பட்டு வாயிலை இறுக்கிப் பிடிக்கவும் உதவுகின்றன. கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கிச் சில துளிகளே விட்டுத் தன் வாசனையைப் பதித்துச் செல்லும் கடுவன் நாயின் செயலில் இம்மூன்றின் இசைவும் எத்தனை நுட்பமாக விளங்குகிறது!

வாகனத்தில் அடிபட்டுத் தாய் இறந்தபின், கண் திறவாத குட்டிகளை இரக்கத்தால் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நல்லவர்கள் இவ்வூரில் உண்டு. அவர்கள் பால் புகட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறை ஊட்டும்போதும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் குட்டியின் அடிவயிற்றிலும் வாலடியிலும் நீர் கழியும்வரை மிருதுவாகத் தடவிவிட வேண்டும். அது தானே கழிக்கத் தொடங்கும்வரை, இரவிலும், இதைத் தவறவிடலாகாது. கழியும் நீர் அடர்ந்த மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதவில்லை என்று அறிந்து, அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.