அது பாட்டுக்கு நடக்கப்போற எதிர்காலம்: 'வில்' எங்கே, 'வில் பீ' எங்கே?

வேலை தேடின எல்லாருக்கும் இந்த மெயில் ஒரு தடவையாவது வந்திருக்கும். விண்ணப்பிச்சதுக்கு நன்றி, உங்க அனுபவம் பிரமாதம்னு நாலு வரி. அப்புறம் விஷயம்: "வீ வில் நாட் பீ மூவிங் ஃபார்வர்ட் வித் யுவர் அப்ளிகேஷன்." உங்களை எடுக்கலைன்னு அர்த்தம். இன்னிக்கு எபிசோட் அந்த வரியில இருக்கற 'பீ மூவிங்' பத்தித்தான். "வீ வில் நாட் மூவ் ஃபார்வர்ட்"னு நேராவே எழுதியிருக்கலாமே, ஏன் எழுதல?

ஸ்கூல்ல நமக்குச் சொன்னது இதுதான். 'வில்' போட்டு வினைச்சொல் வந்தா சிம்பிள் ஃபியூச்சர்: செய்வேன். 'வில் பீ' போட்டு 'இங்' வந்தா ஃபியூச்சர் கன்டின்யூவஸ்: செய்துகொண்டிருப்பேன். எதிர்காலத்துல ஒரு குறிப்பிட்ட நேரத்துல ஒரு வேலை நடந்துகிட்டு இருந்தா இரண்டாவது. இந்த ரூலை வச்சு அந்த மெயிலைப் படிச்சுப் பாருங்க. நாளைக்கு மூணு மணிக்கு அந்தக் கம்பெனி நகராம இருந்துகிட்டு இருக்குமா? சுத்தமா பொருந்தல.

ரூல் தப்பு இல்ல, பாதிதான். முதல்ல அந்தப் பாதியை முடிச்சிடுவோம், அது ஈஸி. ஃபிரெண்ட் வீட்டுக்குச் சாப்பிடப் போறீங்க, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டீங்க. அவன் மெசேஜ் போடறான்: "வென் யூ ரீச், வீ வில் ஈட்." நீங்க வந்ததும் சாப்பிடுவோம், காத்திருக்கோம்னு அர்த்தம். அதையே "வென் யூ ரீச், வீ வில் பீ ஈட்டிங்"னு போட்டா, நீங்க வந்து சேரும்போது நாங்க பாதி இலையில இருப்போம். முதல்ல ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணு. ரெண்டாவதுல ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு. தமிழ்லயும் இதே வித்தியாசம் அப்படியே இருக்கு: சாப்பிடுவோம், சாப்பிட்டுக்கிட்டு இருப்போம். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒருத்தருக்கு போன் பண்ணலாமான்னா, "வேண்டாம், இப்ப தூங்கிக்கிட்டு இருப்பார்"னு சொல்றோம் இல்லையா? இருக்கறது இப்போ, சொல்றது எதிர்கால வடிவத்துல, ஏன்னா அது ஊகம். இங்கிலீஷும் அதேதான்: "ஹீ வில் பீ ஸ்லீப்பிங் நௌ." இந்த இடம் வரைக்கும் தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசினாலும் ஆபத்து இல்ல.

இதுக்கு அப்புறம்தான் பாதை பிரியுது.

'நட'ன்னு ஒரு வினையை எடுத்துக்குங்க. நடந்தேன், நடக்கிறேன், நடப்பேன். தமிழ் வினைக்குள்ளேயே மூணு காலமும் இருக்கு. இங்கிலீஷ்ல 'வாக்', 'வாக்ட்' அவ்வளவுதான். எதிர்காலத்துக்குன்னு வினைக்கு ஒரு உருவமே கிடையாது. அதனால மொழியியல் ஆட்கள் பலர் இங்கிலீஷ்ல ஃபியூச்சர் டென்ஸே இல்லைன்னு சொல்வாங்க. அந்த இடத்தை நிரப்பறதுக்குக் கடன் வாங்கின சொல்தான் 'வில்'. அதோட பழைய அர்த்தம் விரும்பறது. அதுக்குச் சொந்தக்கார மொழியான ஜெர்மன்ல இன்னிக்கும் 'இஹ் வில்'னா 'எனக்கு வேணும்'னுதான் அர்த்தம். இங்கிலீஷ்ல மனசோட விருப்பத்தைக் குறிக்கவும் 'வில்'தான், உயில் எழுதறதும் 'வில்'தான்.

அந்தப் பழைய வாசனை 'வில்'லை விட்டுப் போகவே இல்ல. "ஐ வில் டூ இட்"னு சொன்னா, செய்வேன் மட்டும் இல்ல, செய்ய எனக்குச் சம்மதம்னும் உள்ள இருக்கு. அதையே 'நாட்' போட்டுத் திருப்பினா? செய்ய மாட்டேன். மாட்டவே மாட்டேன்னு ஒரு முறுக்கு வந்துடுது.

எங்க டீம்ல ஒரு தம்பி இருந்தார். ஒரு சனிக்கிழமை ராத்திரி கிளையன்ட்டோட ரிலீஸ் கால். அன்னிக்கு அவரோட அக்காவுக்கு நிச்சயதார்த்தம், லீவும் முன்னாடியே வாங்கியாச்சு. கிளையன்ட்டுக்கு ஒரே வரி மெயில் போட்டார்: "ஐ வில் நாட் ஜாயின் தி சாட்டர்டே கால்." மறுநாள் அந்தப் பக்கத்து லீட் எங்க மேனேஜரைத் தனியா கூப்பிட்டு, அவருக்கு எங்க மேல ஏதாவது கோபமான்னு கேட்டிருக்கார். தம்பிக்குப் புரியவே இல்ல. அவர் சொன்னது தகவல், அவங்களுக்குப் போய்ச் சேர்ந்தது மறுப்பு. "ஐ வில் நாட் பீ ஜாயினிங்"னு இருந்திருந்தா, அன்னிக்கு என் பேர் லிஸ்ட்ல இல்லைங்கற அளவுலதான் அது நின்னிருக்கும். எல்லா 'வில் நாட்'டும் சண்டையா கேக்கும்னு சொல்ல வரல. பேசும்போது குரல் காப்பாத்தும், பக்கத்துல ஒரு காரணம் எழுதினா அது காப்பாத்தும். ஒத்தை வரி மெயில்ல காப்பாத்த யாரும் இல்ல.

பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெஃப்ரி லீச், 1971-ல வந்த 'மீனிங் அண்ட் தி இங்கிலிஷ் வெர்ப்' புத்தகத்துல இந்த இரண்டாவது வேலையைத் தனியா எடுத்துப் பேசறார். யாரும் இப்போ உக்காந்து முடிவெடுக்காம, விஷயங்களோட போக்குலயே வந்து சேர்ற எதிர்காலம். நம்ம ஊர்ப் பேச்சுல இதுக்கு அருமையான சொல் இருக்கு: அது பாட்டுக்கு நடக்கும். விமானத்துல "வீ வில் பீ லேண்டிங் ஷார்ட்லி"னு சொல்றதும் இதான். தரையிறங்கலாம்னு பைலட் அந்த நிமிஷம் முடிவெடுக்கல, பயணத்தோட போக்குல இறங்கத்தான் போகுது. இப்ப அந்த மெயிலுக்குத் திரும்ப வாங்க. 'நாட் மூவ்'னா ஒரு ஆள் உக்காந்து உங்களை வேண்டாம்னு சொன்ன மாதிரி. 'நாட் பீ மூவிங்'னா யாரும் எதுவும் பண்ணல, காரியம் அது பாட்டுக்கு வேற பக்கம் போயிடுச்சு. முடிவெடுத்த ஆளை வாக்கியத்துல இருந்து நைசா வெளிய அனுப்பற வித்தை இது. எனக்கு இதுல ஒரு சின்ன எரிச்சல் உண்டு, ஆனா வேலை செய்யற வித்தைதான்.

இதே காரணத்தால, திட்டத்துலயே இல்லாத விஷயத்துக்கு இதைப் போட்டா காமெடி ஆயிடும். "தி சர்வர் வில் பீ க்ராஷிங் டுநைட்"னு சொல்லிப் பாருங்க. கேலண்டர்ல குறிச்சு வச்சு க்ராஷ் ஆகப்போற மாதிரி இருக்கும்.

கேள்வியில இது இன்னும் அழகா வேலை செய்யும். காஃபி ஷாப்ல பக்கத்து டேபிள்ல ஒரு காலி நாற்காலி. "வில் யூ பீ யூஸிங் திஸ் சேர்?" அவங்க பிளான் என்னன்னு மட்டும் கேக்கறீங்க. 'யூஸ்'னு மட்டும் போட்டா, இதை நீங்க பயன்படுத்தறீங்களான்னு அவங்களுக்கே உபசாரம் பண்ற மாதிரி போயிடும். ஆஃபீஸ்ல சீனியர் கிட்ட "வில் யூ கம் டு தி ஆஃபீஸ் டுமாரோ?"ன்னா வாங்கன்னு கூப்பிடற தொனி. "வில் யூ பீ கமிங்?"னா வந்தாலும் சரி வரலைன்னாலும் சரி, தெரிஞ்சிக்கக் கேக்கறேன். இந்த இடத்துல 'வந்துகிட்டு இருப்பீங்களா'ன்னு மொழிபெயர்த்தீங்கன்னா கதை கந்தல். தமிழ்ல நாம இதுக்கு வேற வழி வச்சிருக்கோம்: "நாளைக்கு ஆஃபீஸ் வர்ற மாதிரி இருக்கா சார்?" அந்த 'வர்ற மாதிரி இருக்கா' இருக்கே, அதுதான் 'வில் யூ பீ கமிங்'குக்கு நேர் அண்ணன் தம்பி. அது வாயில வர்ற இடத்துல எல்லாம் இங்கிலீஷ்ல 'பீ' போட்டுப் பாருங்க, பெரும்பாலும் சரியா உக்காரும்.

இவ்வளவு கேட்டதும் எல்லா இடத்துலயும் 'வில் பீ' போட்டுட்டா மரியாதையா இருக்குமேன்னு தோணும். நம்ம ஐ.டி. ஆட்கள் நிறைய பேர் ஏற்கெனவே அங்கதான் இருக்கோம். "ஐ வில் பீ சென்டிங்", "ஐ வில் பீ அப்டேட்டிங்"னு மெயில் முழுக்க 'இங்' தோரணம். இலக்கணப்படி தப்பு இல்ல. ஆனா இது எதைத் தொலைக்குதுன்னு பாருங்க. டெட்லைன் நெருக்கடியில ஒருத்தர் உங்க கிட்ட வந்து, இந்த பக்கை இன்னிக்கே சரி பண்ணிக் கொடுக்க முடியுமான்னு கெஞ்சறார். "ஐ வில் ஃபிக்ஸ் இட்"னா, நீங்க கேட்டதால செய்றேன், இப்பவே ஒத்துக்கறேன், இது என் வாக்கு. "ஐ வில் பீ ஃபிக்ஸிங் இட்"னா, அது ஏற்கெனவே என் லிஸ்ட்ல இருக்கு, நீங்க கேக்கலைன்னாலும் நடக்கும். உதவி கேட்டு வந்தவருக்கு ரெண்டாவது பதில் ஒரு மாதிரி சப்புனு இருக்கும். அதோட, பின்னாடி வேலை நடக்கலைன்னா 'பீ ஃபிக்ஸிங்' சொன்னவர் ஒரு திட்டத்தைத்தான் சொன்னார், 'ஃபிக்ஸ்' சொன்னவர் வாக்கு கொடுத்தார். ஒருத்தரோட பையைத் தூக்க உதவணும்னாலும் "ஐ வில் கேரி தட் ஃபார் யூ"தான். அங்க 'பீ கேரியிங்'னா, யாரோ உங்களுக்கு அந்த வேலையை ஒதுக்கின மாதிரி இருக்கும்.

அதனால எனக்குள்ள நான் கேக்கற கேள்வி நேரத்தைப் பத்தி இல்ல. இந்த வாக்கியம் மூலமா நான் இப்ப ஏதாவது ஒத்துக்கறேனா, மறுக்கறேனா, முன்வர்றேனா? ஆமான்னா வெறும் 'வில்'. ஏற்கெனவே முடிவான ஒண்ணைச் சும்மா தெரியப்படுத்தறேனா? அப்ப 'வில் பீ'. போன் அடிச்சதும் "ஐ வில் கெட் இட்"னு எழுந்து போறோமே, அது அந்த நொடியில எடுத்த முடிவு. அங்க 'பீ கெட்டிங்' எந்தக் காலத்துலயும் வராது.

சில வினைகள் 'இங்' பக்கமே சாதாரணமா போகாது. 'நோ', 'நீட்', 'பிலாங்' மாதிரி செயலா இல்லாம நிலையா இருக்கறது எல்லாம் அப்படித்தான். "யூ வில் நோ தி ரிசல்ட் டுமாரோ", "யூ வில் நீட் எ பாஸ்வேர்ட்". இங்க 'பீ நோயிங்', 'பீ நீடிங்' ரெண்டும் காதுல இடிக்கும்.

போன எபிசோட்ல ஒருத்தர் கேட்டிருந்தார்: "அவர் தினமும் ஒன்பது மணிக்கு வருவார்"ங்கறதை இதுல எதுல சொல்றது? ரெண்டுலயும் வேண்டாம். தமிழ்ல 'வருவார்' எதிர்காலத்துக்கும் வரும், வழக்கத்துக்கும் வரும். சின்ன வயசுல லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போவோம்னு முடிஞ்சுபோன வழக்கத்துக்குக்கூட அதே வடிவம்தான். அதை அப்படியே தூக்கிக்கிட்டுப் போய் "டெய்லி ஹீ வில் கம் அட் நைன்"னு நாம சொல்றோம். டெக்னிக்கல் டாக்குமென்ட்லயும் "திஸ் ஃபங்ஷன் வில் ரிட்டர்ன்"னு எழுதறோம். அந்த ஃபங்ஷன் என்னிக்கோ ஒரு நாள் ரிட்டர்ன் பண்ணப்போறதில்ல, கூப்பிடும்போதெல்லாம் பண்ணுது. கூகுளோட டெவலப்பர் டாக்குமென்டேஷன் ஸ்டைல் கைடும் இந்த மாதிரி இடத்துல நிகழ்காலத்துலயே எழுதச் சொல்லுது. "திஸ் ஃபங்ஷன் ரிட்டர்ன்ஸ்". அந்த ஒன்பது மணிக்காரரும் அப்படியே: "ஹீ கம்ஸ் அட் நைன்."