நூலறிந்து நூல் வாங்குவோம்



இழைக்கும் ஏட்டுக்கும் தமிழில் பெயர் ஒன்றே: நூல். பின்னற்கலை பழகுவோர் இரண்டையுமே தெரிந்தெடுக்க வேண்டும்.

கற்பிட்டியிலிருந்து என்னிடம் தமிழ் படிக்க வரும் மாணவி ஒருத்தியின் தாயார், கொக்கி ஊசியால் தொழுகைத் தொப்பி பின்னி விற்பவர். புதிய நூலொன்றைப் பார்த்துப் பின்னிய தொப்பிகள் தலைக்குச் சிறுத்துப்போயின. ஒரு மாத உழைப்பு வீண். பிழை கையிலன்று, சொல்லில். அவர் பழகியது பிரித்தானிய வழக்கு. நூலோ அமெரிக்கப் பதிப்பு. பிரித்தானியர் 'டபிள் குரோஷே' என்னும் குட்டைப் பின்னல் அமெரிக்கருக்குச் 'சிங்கிள்'. அமெரிக்கரின் 'டபிள்' அதனினும் உயரமானது. பிரித்தானியருக்கு அது 'டிரெபிள்'.

எனவே, அட்டைப்படத்தில் மயங்காது சுருக்கக்குறி விளக்கப் பக்கத்தை முதலிற் புரட்டுங்கள். 'சிங்கிள் குரோஷே' என்றிருப்பின் அது அமெரிக்க வழக்கு. ஊசியின் பருமன், இழையின் தடிப்பு, மாதிரித் துண்டின் அளவு ஆகியன தரப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். குளிர்நாட்டுச் சஞ்சிகைகள் பெரிதும் கம்பளியையே பேசும். நம் கரையோர வெக்கைக்குப் பருத்தியே ஏற்றது. ஆங்கிலம் இடறுவோர்க்கு ஜப்பானிய நூல்கள் கைகொடுக்கும். அவை பின்னலைப் பெரும்பாலும் படக்குறிகளாலேயே சொல்வன.

சொல்லின் பொருள் வழங்கும் இடத்தால் மாறும் என்பது நமக்கு இலக்கணப் பாடம். தொப்பி பின்னும் தாய்க்கோ அது வயிற்றுப்பாடு.