ஆயாக் கொட்டகையும் செம்பனைத் தோட்டமும்: அந்நியத் தொழிலாளர் குழந்தைகளின் பாலர் கல்வி

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பள்ளியை மலேசியத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. ஆயினும், இந்நாட்டிலேயே பிறந்தும் அக்கல்வி எட்டாத குழந்தைகள் பலர் உளர். சபாவின் செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் இந்தோனேசிய, பிலிப்பீன்ஸ் தொழிலாளரின் குழந்தைகள் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். இவர்களது நிலையை விளங்கிக்கொள்ள நமது தோட்ட வரலாறு துணைபுரியும்.

பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகமே பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வயதை எட்டாதோர் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். விடியலில் பால்வெட்டுக்குச் சென்ற தாய் திரும்பும்வரை ஆயா பார்த்துக்கொள்வார். கற்பித்தல் அங்கு நிகழவில்லை. இதனை முதலாளிகளின் கருணை எனக் கொள்வதற்கில்லை. தாயின் உழைப்பு தேவைப்பட்டமையால் குழந்தையும் கணக்கில் சேர்ந்தது, அவ்வளவே.

இன்றைய தற்காலிக வேலை அனுமதி முறை இதற்கு நேர்மாறானது. அது தொழிலாளியை மட்டுமே ஏற்கிறது. குடும்பத்தை உடன் அழைத்துவர இடந்தருவதில்லை. சட்டத்தின் பார்வையில் இல்லாத குழந்தை தோட்டத்தில் பிறந்து வளர்கிறது. உரிய ஆவணமற்ற பெற்றோர் பிறப்பைப் பதியவே அஞ்சுவர்; பிறப்புச் சான்றிதழின்றி அரசு பாலர் பள்ளியில் பதிவு இல்லை. 2003இல் நடைமுறைக்கு வந்த கட்டாயத் தொடக்கக் கல்வியும் மலேசியக் குடிமக்களான பெற்றோரையே கட்டுப்படுத்துகிறது. 1995இல் குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா இணைந்தபோது விலக்குக் கோரிய விதிகளுள், பிறப்புப் பதிவு பற்றிய 7ஆம் விதியும் கல்வி பற்றிய 28ஆம் விதியும் அடங்கும்.

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஹுமானா அமைப்பு 1991 முதல் சபாவில் கற்றல் மையங்களை நடத்தி வந்துள்ளது. 2008இல் கோத்தா கினாபாலுவில் இந்தோனேசியப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதனைச் சார்ந்து தோட்டங்களில் சமூகக் கற்றல் மையங்கள் எழுந்தன. எனினும் இம்மையங்கள் பெரும்பாலும் தொடக்கக் கல்வியையும் கீழ் இடைநிலைக் கல்வியையும் நோக்கியவை. நான்கு முதல் ஆறு வயதினர் விடுபடுகின்றனர். வீட்டில் பூகிஸ் மொழி பேசும் குழந்தை, பாடநூல் மொழியின் எழுத்தையும் பென்சிலையும் முதலாம் வகுப்பில்தான் சந்திக்க நேரிடுகிறது.

இவ்விடைவெளியால் இழப்பு ஒரு குழந்தையோடு நிற்பதில்லை. பெற்றோர் இருவரும் காட்டுக்குள் வேலைக்குச் செல்ல, தம்பி தங்கையைக் காக்கும் பொறுப்பு மூத்த பிள்ளையிடம், பெரும்பாலும் பெண்பிள்ளையிடம், விழுகிறது. அவளது வகுப்பிடம் வெறுமையாகிறது. தோட்டக் காப்பகத்தில் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தி முற்பகலில் கற்பித்தால் இருவரும் பயனுறுவர். அதற்குக் குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஆயா ஒருவரின் சம்பளத்தோடு இன்னொரு சம்பளம் வேண்டும்.